பிடிக்க ஒரு கம்பம்

என் வீட்டுக்காரரின் வலது முழங்கால் மடங்கும். ஆனால் தானாக மடங்காது. யாராவது பிடித்து மடக்கினால் மடங்கும், நீட்டினால் நீளும். கிடங்கில் பெட்டி அடுக்கு சரிந்து அவர்மேல் விழுந்ததிலிருந்து இப்படித்தான். கால் தேறாதவர்களைக் கம்பெனி வைத்துக்கொள்வதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் அவர்கள் கேட்டபோது, "நல்லா ஆயிடுச்சு சார்" என்று நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே சொல்லிவிட்டு வந்தார். உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலை கிடைத்தது.

ஒட்டுவதற்குக் கை போதும். கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேரத்தான் கால் வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி நீண்ட ரோட்டில் நடக்க வேண்டும். கேட்டில் சூப்பர்வைசர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்பார். நானும் அதே கம்பெனியில் சரக்குப் பிரிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒருவன் தும்மினாலும் சூப்பர்வைசருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் ஆட்டோவில் போனார். மூன்றாம் நாள் அதற்கு வழியில்லாமல் வீட்டில் இருந்துவிட்டார். இனி ஒரு நாள் வரவில்லை என்றால் வரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சைக்கிள் யோசனை அவருடையது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஒத்தக் காலை வச்சுக்கிட்டு சைக்கிளா? சர்க்கஸ்ல சேரப் போறீங்களா?"

"சாதா சைக்கிள் இல்லடி. மிதிக்கிறத நிறுத்தினாலும் பெடல் சுத்திக்கிட்டே இருக்கும். பின்சக்கரம் உருளுற வரைக்கும் பெடலும் உருளும். இடது கால் மிதிச்சா போதும், வலது காலை அதுவே தூக்கும், அதுவே இறக்கும்."

புதிது வாங்க எங்களுக்கு ஏது வக்கு. பழைய இரும்புக்கடை அக்காவிடம் போனோம். அவள் பேச்சில் தேன் ஒழுகும், தராசில் ஒழுகாது. நடுக்கம்பி நசுங்கிய ஒரு ஃப்ரேமை எங்கள் தலையில் கட்டினாள். பின்சக்கரம் ஒரு குவியலிலிருந்து, முன்சக்கரம் இன்னொன்றிலிருந்து. செயின் நீளம் பற்றாமல் இன்னொரு துருப்பிடித்த செயினில் பாதியை வெட்டி இணைத்தோம். ஒரு கைப்பிடி உறை பச்சை, ஒன்று கறுப்பு. பிரேக் முன்னால் மட்டும்.

பக்கத்துத் தெரு வெல்டர், பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் பல்சக்கரம் தனியே சும்மா சுற்றாதபடி பற்றவைத்துக் கொடுத்தார். "வச்சாச்சு. இனி நீங்க அதை ஓட்டப் போறீங்களா, அது உங்களை ஓட்டப் போகுதான்னு பாத்துக்குங்க" என்றார். பின்அச்சைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, செயின் தொங்காமல் நான் பிடித்துக்கொள்ள, என் வீட்டுக்காரர் நட்டை முடுக்கினார். இரண்டு பேருமே கரி பூசிக்கொண்டோம். அந்தப் பாழாய்ப்போன விபத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

முதல் ஓட்டத்திலேயே வலது பாதம் பெடலிலிருந்து நழுவி, சுற்றி வந்த பெடல் கணுக்காலைக் கிழித்தது. நான் என் பழைய கைப்பையின் வாரை அறுத்து, பக்கிள் வைத்து, பாதத்தைக் கட்டும் பட்டை தைத்தேன். இடது பாதத்துக்கும் ஒன்று வேண்டும் என்றார்; அந்தக் கால்தான் கீழே அழுத்தவும் வேண்டும், மேலே இழுக்கவும் வேண்டும். என் தையல் விடாது. ஐந்து வருடம் கார்மெண்ட்ஸில் குப்பை கொட்டியவள் நான்.

ஆக, இரண்டு காலும் கட்டு. நின்றால் சாய்ந்து விழ வேண்டியதுதான். எதையாவது பிடித்துக்கொண்டு, மறு கையால் பக்கிளை அவிழ்த்துத்தான் இறங்க முடியும். வீட்டில் ஜன்னல் கம்பி இருந்தது. கம்பெனி கேட்டருகில் போர்டு மாட்டிய இரும்புக் கம்பம் ஒன்று இருந்தது. அதை இடது கையால் பிடித்து, ஸ்டைலாகச் சாய்ந்து, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து அவிழ்ப்பார். பிறகு வண்டியைத் தள்ளுவதுபோல் அதன்மேல் சாய்ந்தே ஷெட் வரைக்கும் போய்விடுவார். சூப்பர்வைசரே ஒரு நாள், "என்னப்பா, சின்னப் பையன் மாதிரி பறக்கிற!" என்றார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் அதை நாலு தரம் சொல்லிக் காட்டினார். கேட்டில் நீ என்னைப் பார்க்கவே கூடாது, கிட்ட வரவே கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி நான் வரிசையில் நின்றபோது என்னவோ உறுத்தியது. பெரிய லாரி திரும்புவதற்காகக் கேட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். கம்பத்தை வேரோடு பிடுங்கியிருந்தார்கள். அது நின்ற இடத்தில் புது சிமெண்ட் பூச்சு மட்டும் ஈரமாக இருந்தது. கேட்டுக்கு இரு புறமும் சாக்கடை, அதற்கப்பால் முள்வேலி. பிடித்துக்கொள்ள வேறு எதுவுமில்லை.

அவர் வந்தார். பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டியபடியே வந்தார். கை காற்றைப் பிடித்தது. ஒரு கணம் தள்ளாடி, எப்படியோ ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பினார். கேட்டுக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றினார். பிறகு இன்னொன்று.

வரிசையில் விசில் அடித்தார்கள். "அண்ணே, டிக்கெட் எவ்வளவு?" என்று ஒருவன் கத்தினான். சூப்பர்வைசரும் சிரித்தார்.

"போதும்பா, இறங்கு. மணி அடிக்கப் போறாங்க."

"வந்துட்டேன் சார்" என்றார் அவர், சுற்றிக்கொண்டே.

அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போனால் வேலை போச்சு. விழுந்தால் அந்தக் கால் போச்சு. ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டும்போது, வராதே என்று தலையை லேசாக ஆட்டினார். சூப்பர்வைசர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "இறங்குன்னு சொல்றேன்ல?" என்றார்.

பேச்சாவது ஒன்றாவது. வரிசையை விட்டு வெளியே வந்தேன். ஈர சிமெண்டில் கால் பதிய, கம்பம் இருந்த இடத்தில் போய் நின்றேன்.

"பிடிங்க."

தோளைப் பிடித்தார். எலும்பு வரை வலித்தது. குனிந்து பக்கிள்களை அவிழ்த்தேன். என் தையல் ஆயிற்றே, லேசில் விடவில்லை. பிறகு எல்லோர் கண்முன்னாலும் அவருடைய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, வண்டிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து தரையில் வைத்தேன். டிக்கெட் கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சூப்பர்வைசர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி என் வீட்டுக்காரரின் கம்பெனி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினார்.

"ஏம்மா, உனக்கும் தெரியுமா?"

"அவ அழைச்சிக்கிட்டு வரல சார், அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் என் வீட்டுக்காரர். என்னைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவர் சொன்ன பொய்களில் அதுதான் மகா மட்டமானது. சூப்பர்வைசர் அதை நம்பாமலே ஏற்றுக்கொண்டு, "நீ உள்ள போ" என்றார் என்னிடம்.

இனி என் சம்பளம் ஒன்றுதான். போகாமல் முடியாது.

வீட்டுக்குத் திரும்ப அவ்வளவு தூரம் அவரால் நடக்கவும் முடியாது. மறுபடியும் ஏற்றினேன். காலைத் தூக்கி வைத்தேன், பட்டையை இறுக்கினேன், சீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன்.

"விடு. விட்டுட்டு உள்ள போ" என்றார்.

விட்டேன். நேராகப் போனார். இரண்டு காலும் ஒரே மாதிரி ஏறி இறங்கின. பின்னால் இருந்து பார்த்தால் எந்தக் கால் எது என்று எனக்கே தெரியவில்லை.

சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"நல்லாத்தானே மிதிக்கிறான்" என்றார்.

மணி அடித்தது. செருப்பில் ஒட்டியிருந்த சிமெண்டைக் கேட்டுப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே போனேன்.