மூன்று தண்ணீர்

சவப்பெட்டி படலையைத் தாண்டியதும் கனகமணி வீடு கழுவத் தொடங்கிவிட்டாள். தம்பி செல்லத்தம்பியைச் சுடலைக்கு அனுப்பிய கையோடு வாளியைத் தூக்கியவள், அவன் பெண்சாதி யோகமலரையும் கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீரை ஊற்றி, சந்தனச் சவுக்காரத்தைக் கையில் திணித்தாள்.

ஈரத்தலையோடு உள்ளே வந்த யோகமலரின் கண்ணில் மீன்தொட்டிதான் முதலில் பட்டது. இரண்டு தங்கமீன்களும் நேற்றிலிருந்து ஒரே மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. ஒளிய ஒரு செடிகூட இல்லை. ஐந்து பிளாஸ்ரிக் செடிகளும் குசினி வாசலில் உப்புத்தண்ணீரில் ஊறின. அவற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் செல்லத்தம்பி நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார்.

துறைமுகக் களஞ்சியத்தில் முப்பது வருசம் சாமான் அடுக்கிய மனுசன். ஜப்பான் கப்பல்காரன் கொடுத்த செடிகளைக் கழுவிப் பேப்பரில் வைக்கும்போதும் நெட்டை முதலில், குட்டை கடைசியில், அடிக்கட்டை சுவர்ப்பக்கம். ஒருமுறை யோகமலர் உதவி என்று நினைத்துச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டாள். விடியும்போது ஆறு மீன்கள் மிதந்தன. ஒரு மாதம் அவர் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"நீ இதுகளைத் தொடாத, யோகம். உனக்கு ஏலாது."

ஒரு மாதம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு அவள் மீனுக்குத் தீன் போடப் போனாலும், "எங்க, கையைக் காட்டு" என்று மோந்து பார்த்துத்தான் விடுவார். அந்த அவமானம் பன்னிரண்டு வருசமாக அவளுக்குள் ஆறவேயில்லை.

இந்த இரண்டையாவது சாகவிடக்கூடாது. யோகமலர் குந்தியிருந்து இலை இலையாகத் தேய்த்தாள். அவர் செய்கிறமாதிரியே மூன்று தண்ணீரில் அலசித் தொட்டி மணலில் ஊன்றினாள். மீன்கள் செடிப்பக்கம் வரவேயில்லை. கண்ணாடியோடு ஒட்டி நின்று, அவர் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அதுகளுக்கும் விளங்குதாக்கும்," என்றாள் கனகமணி. "வா, அயலுக்குள்ள இருந்து தேத்தண்ணி வந்திருக்கு. ஒரு வாய் குடி."

குசினியில் இரண்டு பேரும் குடித்தார்கள். துறைமுகத்தில் கப்பலொன்று ஊதி ஓய்ந்தது. அதற்குப் பிறகு, கூடத்தில் யாரோ தண்ணீருக்குள் கை அளையும் சத்தம் கேட்டது.

"ஆம்பிளையள் வந்திட்டினமோ, மச்சாள்?"

"எங்க வந்தது? படலை சாத்தினபடி கிடக்கு."

யோகமலர் எழுந்து போனாள். தொட்டிக்குள் ஒரு செடியும் இல்லை. கதிரையடியில் பேப்பர் விரித்திருந்தது. அதில் ஐந்தும் சொட்டச் சொட்டக் கிடந்தன. நெட்டை முதலில், குட்டை கடைசியில், அடிக்கட்டை சுவர்ப்பக்கம்.

கத்தாமல் இருக்க இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். கை சந்தனச் சவுக்காரம் மணத்தது.

கனகமணி உள்ளே இருந்து கூப்பிட்டாள்.  யோகமலர் குசினி வாசலில் இருந்த உப்பை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், தோல் எரியும்வரை கையைத் தேய்த்தாள். மூன்று தண்ணீரில் அலசினாள்.

திரும்பி வந்து, ஈரக்கைகள் இரண்டையும் வெறுங்கதிரைக்கு முன்னால் நீட்டியபடி நின்றாள்.