ஹெட்போனக்காவின் காது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு டிவியில் மறுபடியும் நெட் திணறி அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கதாநாயகி வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுபோனாள். வீட்டுக்காரர் சோபாவில் அசையாமல் உட்கார்ந்து, ஏதோ அதுவும் படத்தில் வரும் காட்சி என்பதுபோல வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்போனக்காவுக்கு அலுத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் அது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதால் கேட்டு, எழுத்தில் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷம். சில டாக்டர்கள் மருந்தின் பெயரை மென்று முழுங்கிவிடுவார்கள். ஒருத்தர் லிப்டில் ஏறிக்கொண்டே பேசுவார். இன்னொருத்தருக்குப் பாதி வாக்கியத்தில் கொட்டாவி வந்துவிடும். யார் எப்படிப் பேசினாலும் ஒரே தடவையில் பிடித்துவிடுவாள் என்று அவளுக்குப் பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் புரியாத பதிவை எல்லாம் அவள் மேசைக்குத்தான் தள்ளிவிடுவார்கள்.

அந்தப் பேரில்தான் மூன்று வாரமாக மண் விழுந்திருந்தது. வீட்டில் சினிமா போட்டால் அவளுக்குப் பேச்சே கேட்கவில்லை. பின்னணி இசை கேட்டது, கார் ஓடுவது கேட்டது, கதவு சாத்துவது கேட்டது. மனிதர்கள் வாயைத் திறந்தால் மட்டும் எங்கோ பக்கத்து வீட்டில் முணுமுணுப்பதுபோல இருந்தது. செய்தி போட்டால் ஒழுங்காகக் கேட்டது. போனில் தேடிப் படித்தாள். காது போகும்போது முதலில் பேச்சுத்தான் தெளிவு குறையும், இரைச்சலுக்கு நடுவே பேசினால் புரியாது என்று போட்டிருந்தது. செய்தி வாசிப்பவர் நேரே பார்த்து நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார், அதனால் கேட்கிறது என்று அவளே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள்.

சந்தேகத்துக்குச் சாட்சியாக வீட்டுக்காரர் இருந்தார். முதல் நாளே கேட்டாள்.

"ஏங்க, இவங்க பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதே. ஏன்?"

"இல்ல, சும்மாதான்."

அதற்கப்புறம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் அதே "கேக்குதே". ஒரே சோபா, ஒரே டிவி, அவருக்குக் கேட்கிறது, தனக்குக் கேட்கவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆபீசில் ஹெட்போனில் எல்லாம் கேட்கத்தான் செய்தது. ஆனால் ஹெட்போன் காதுக்குள்ளேயே உட்கார்ந்து கத்துகிறது, செவிடருக்கும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு தடவை கேட்டதை நம்பாமல் நாலு தடவை ஓட்டினாள். நாற்பது பதிவு முடிக்கிற இடத்தில் பதினெட்டு முடிந்தது. மருந்தின் அளவை ஒரு தடவை தப்பாக அடித்துவிட்டால் படுத்திருப்பவன் கதி என்ன என்று யோசித்து, தூக்கம் போயிற்று, சோறு போயிற்று. கடைசியில் ஒரு கடிதம் எழுதினாள். எனக்குக் காது சரியில்லை, என்னைக் கீழ்த்தளத்தில் கோப்பு அடுக்கும் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று. திங்கட்கிழமை காலையில் மேலாளரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு. வாழ்க்கையில் அவளுக்கு உருப்படியாகத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். அதை அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். கடிதம் கைப்பையில் இருந்தது.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்து இறங்கினாள். வீட்டுக்காரரின் தங்கை, பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பறையில் உட்காருபவள், வாயை மூடத் தெரியாதவள். உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தெருவில் நடந்த மூன்று சங்கதிகளைச் சொல்லி முடித்தாள். காபியை வாங்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். வட்டம் நின்று படம் ஓட ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது, ஊமைப்படமா?"

ஹெட்போனக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏன், உனக்கும் கேக்கலையா?"

"என்ன கேக்கலையாவா? வயலின் கிழியுது, ஒருத்தன்கூட பேசக் காணோமே. இதை எப்படி உக்காந்து பாக்கறீங்க ரெண்டு பேரும்?"

ஹெட்போனக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷமா, களைப்பா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, டிவியோடு மாட்டியிருந்த நெட் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து உதவி மையத்துக்குப் போன் போட்டாள்.

பேசிய பையனின் குரலிலேயே அன்றைக்கு அது நூறாவது போன் என்று தெரிந்தது. கொட்டாவி டாக்டரைவிட மோசம். ஆனால் அவன் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குக் கேட்டது.

"மேடம், பெட்டியோட ஒயரைப் பிடுங்கி ஒரு நிமிஷம் விட்டு மாட்டுங்க."

மாட்டினார்கள்.

"வைஃபை கருவி எங்க இருக்கு?"

"இரும்பு பீரோவுக்குப் பின்னால."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அங்க யாரு மேடம் வச்சா? இரும்பு எல்லாத்தையும் மறிச்சிடும். வெளிய எடுத்து வைங்க."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர், மாடி மாடியாக இயந்திர அறைகளில் கிடந்தவர். வீட்டில் மின்சாரம் ஓடுகிற எதையும் அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. கண்ணுக்கு அசிங்கமாக விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது என்று அதைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தவரும் அவர்தான். நாத்தனார் முழங்காலில் உட்கார்ந்து ஒட்டடையோடு அதை இழுத்து வெளியே போட்டாள். வட்டம் அதோடு காணாமல் போயிற்று.

"சரி, சத்தத்துக்கு வருவோம். படத்துல இசை வருது, பேச்சு வரல. அதானே மேடம்?"

"அதேதான்."

"செட்டிங்ஸ்ல ஒலின்னு இருக்கும், உள்ள போங்க. என்ன போட்டிருக்கு?"

நாத்தனார் படித்தாள். "சரவுண்ட்."

"வீட்டுல தனியா ஸ்பீக்கர் செட் இருக்கா? சுத்தி ஆறு பெட்டி?"

"ஆறு பெட்டிக்கு எங்கப்பா போறது? டிவியில இருக்கறதுதான்."

"அப்ப அதான் மேடம். படத்தோட சத்தத்தை ஆறாப் பிரிச்சு அனுப்புது. பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்ககிட்ட நடு ஸ்பீக்கரே இல்ல, அது எங்க போகும்? செய்தியில இப்படிப் பிரிக்கமாட்டாங்க, அது மட்டும் ஒழுங்காக் கேக்கும். ஸ்டீரியோன்னு மாத்துங்க. தானா மாறாது இது, யாரோ மாத்திருக்காங்க."

நாத்தனார் மாற்றினாள். திரையில் ஒரு கிழவர் "நான் சாப்பிட்டுட்டேன், நீ சாப்பிடு" என்றார். உலகத்திலேயே அழகான வசனம் அதுதான் என்று ஹெட்போனக்காவுக்குத் தோன்றியது. போனில் பையனுக்கு நன்றி சொன்னாள், இன்னொரு தடவை சொன்னாள், அவன் பயந்துபோய் வைத்துவிட்டான். கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். நாத்தனார் என்னவென்று கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினாள். மூன்று வாரத்தையும் ஒரே மூச்சில்.

நாத்தனாருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "அண்ணா! நீதானே மாத்தின? செட்டிங்ஸைக் குட்டிச்சுவராக்கிட்டு, கேட்டா கேக்குதே கேக்குதேன்னு பீத்திக்கிட்டு. மெக்கானிக் மூஞ்சியப் பாரு! இவங்க வேலையே போயிருக்கும்."

அவர் திரையைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. "என்னது?" என்றார்.

ஹெட்போனக்காவுக்கு இப்போதுதான் அசல் கோபம் வந்தது. மூன்று வாரத் தூக்கம், பதினெட்டுப் பதிவு, கடிதம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. போய் அவருக்கு முன்னால் டிவியை மறித்து நின்றாள்.

"ஒரு பொட்டுப் பேச்சு வராத டிவிய வச்சுக்கிட்டு எனக்குக் கேக்குதுன்னு ஏங்க பொய் சொன்னீங்க? நான் செவிடாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனே!"

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வரலன்னு எனக்குத் தெரியாது," என்றார். "நீ கேட்டதும், உனக்குக் கேக்குது, எனக்குக் கேக்குதான்னு நீ சோதிக்கறதா நெனச்சேன்."

நாத்தனாரின் சிரிப்பு நின்றது.

"எவ்வளவு நாளா?" என்றாள் ஹெட்போனக்கா.

"ரெண்டு வருஷம் இருக்கும். எதிர்ல நின்னு பேசினா தெரியுது. உள்ள இருந்து கூப்பிட்டா ம்னு வைப்பேன்."

எத்தனை ம். அதற்கெல்லாம் அவள் எத்தனை நாள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பாள். நாளெல்லாம் முகம் தெரியாதவர்களின் முணுமுணுப்பை ஒரே தடவையில் பிடிக்கிறவள், சொந்த வீட்டில் ஒன்றையும் பிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"செட்டிங்ஸை எதுக்கு மாத்தினீங்க?"

"பெரிய சத்தம்னு போட்டிருந்துச்சு. தியேட்டர் மாதிரி இருக்கும்னு. அதையாவது வச்சா கேக்குமான்னு பாத்தேன்."

"கேட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல."

அவள் திரையிலிருந்து விலகி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். படத்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கணீரென்று. அவர் முழங்கையைத் தொட்டுத் திருப்பினாள்.

"இப்ப? இப்ப கேக்குதா?"

அவர் தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டார். வேலையில் இருந்தபோது லிப்ட் கயிற்றின் சத்தத்தை அப்படித்தான் கேட்டிருப்பார். "வயலின் கேக்குது," என்றார். "பேசறாங்களா?"