சாயங்கால நடை

அம்மாவின் தலைமுடியைப் பின்னோக்கி வாரி, காதோரம் விழுந்த நரையை மகள் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, சவப்பெட்டியின் விளிம்பில் வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்தது. சீப்பைக் கீழே வைக்காமலேயே எட்டிப் பார்த்தாள். தம்பி. ‘ஸ்டேஷன்ல இறங்கிட்டேன். அரை மணி நேரத்துல வந்துருவேன்.’

“யாரு?” என்றார் அப்பா. பெட்டிக்கு அந்தப் பக்கம், விடிந்ததிலிருந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி. நான்தான் வரச் சொன்னேன்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“அவன் இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.”

“அம்மா பெட்டிக்குள்ள இருக்காங்கப்பா.”

“எனக்குக் கண்ணு தெரியுது.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த சபைப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார்கள்.

அப்பா முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக். தளத்துக்கும் லிஃப்டுக்கும் நூலிழை ஏற்ற இறக்கம் இருந்தாலும் விடமாட்டார் என்பதால் வேலையிடத்தில் அவருக்கு ‘லெவல்காரர்’ என்று பெயர். சபையில் வேறு மரியாதை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, புதிதாகக் கல்யாணமானவர்களைக் கூட்டிவைத்து, கிறிஸ்தவக் குடும்பம் எப்படி நிற்க வேண்டும் என்று பேசுவார். சேர்ந்து சாப்பிடுங்கள், சேர்ந்து ஜெபியுங்கள், கோபத்தை அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் தம்பியின் கல்யாணம் முறிந்தது. அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு புது மாப்பிள்ளை, “ஐயா, உங்க வீட்லயே...” என்று தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அன்று சாயங்காலமே, சபைப் பெரியவர்கள் நான்கு பேர் பார்க்க, அப்பா மகனை வெளியே போகச் சொன்னார். அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினமும் ஐந்து மணிக்கு அப்பா நடக்கக் கிளம்பியதும் மகனோடு பேச வீட்டுத் தொலைபேசியை எடுத்துவிடுவாள். இது மகளுக்கு மட்டும்தான் தெரியும்.

போதகர் வந்து அப்பாவின் அருகில் குனிந்தார். “நாலு மணிக்கு எடுத்துடலாங்களா? தூக்க ஆறு பேர் வேணும்.”

“அஞ்சு பேருக்குச் சொல்லியாச்சு. முன்னால இடப்பக்கம் நான்.”

“உங்க முட்டியோடவா?”

அப்பா முட்டியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். அப்போதுதான் பேச்சுச் சத்தம் தெருப் பக்கமிருந்து ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். தோளில் பையோடு தம்பி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். கேட் திறந்துதான் கிடந்தது. அவன் உள்ளே வரவில்லை.

அவளுக்குப் பொறுக்கவில்லை. “அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. அம்மா தினம் அவன்கிட்ட பேசினாங்க. நீங்க நடக்கப் போனதும்.”

“தெரியும்.”

சீப்பு அவள் கையிலேயே நின்றது.

“ஒரு நாள் மழை வர்ற மாதிரி இருக்கேன்னு குடை எடுக்கத் திரும்பி வந்தேன்,” என்றார் அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி. “உள்ள உங்கம்மா சிரிச்சிட்டிருந்தா. அவ அப்படிச் சிரிச்சுக் கேட்டு எவ்வளவோ நாளாச்சு. யார்கிட்டன்னு சொல்லியா தெரியணும்? குடை எடுக்காமலே போயிட்டேன்.”

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. காய்ச்சலோடு மப்ளர் சுற்றிக்கொண்டு போனது. முட்டி வீங்கியிருந்தபோதும் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனது. ஒரு நாள் நடக்காவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று அவளே கத்தியிருக்கிறாள். கோபம் வந்தது.

“தெரிஞ்சுமாப்பா? வரச் சொல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவங்க அவன் முகத்தைப் பாத்திருப்பாங்களே.”

“தினம் திரும்பி வரும்போது சொல்லிடணும்னுதான் வருவேன். வாசலுக்கு வந்ததும் வாய் வராது.” உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். “நாலு பேரு முன்னாடி சொன்ன சொல்லும்மா அது.”

எழுந்தார். முட்டி மடங்கியது. அவள் நீட்டிய கையை விலக்கிவிட்டு, பெண்கள் ஒதுங்கி விட்ட வழியே வெளியே நடந்தார். கேட்டருகே அப்பாவும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

“முன்னால இடப்பக்கம் நீ பிடி,” என்றார் அப்பா. “எனக்கு முட்டி தாங்காது.”

“சரிப்பா.”

அவ்வளவுதான். உள்ளே வந்த தம்பி பெட்டியருகே வெகுநேரம் நின்றான். பிறகு அம்மாவின் நெற்றியைத் தொட்டான். “ஏங்க்கா இப்படிப் பின்னால இழுத்து வாரியிருக்க? அம்மா நடு வகிடுதானே எடுப்பாங்க?”

“கொஞ்ச வருஷமா இப்படித்தான்டா வாருவாங்க,” என்றாள்.

தம்பி கையை எடுக்கவில்லை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஏழு மணிக்கு மூவரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். குடும்ப ஜெபத்துக்கு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வழக்கமாகப் பாட்டை எடுத்துக் கொடுப்பது அம்மாதான். அப்பா வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அட்டையைத் தடவியபடி இருந்தார். தெருவில் ஏதோ வண்டி கிளம்பிப் போனது.

கடைசியில் தம்பிதான் ஆரம்பித்தான். சுருதி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அப்பா இருமினார். அதே அடியை இறக்கி எடுத்தார். தம்பியும் இறங்கி வந்தான். இரண்டாவது அடியில் அப்பாவின் குரல் நின்றுபோனது. தம்பி நிமிர்ந்து பார்க்காமல் பாடிக்கொண்டே போனான். மூன்றாவது அடியில் அவளும் சேர்ந்துகொண்டாள்.