தாழம்பேடா, கொன்றைப்பாக்கமா

தாழம்பேட்டில் குடியேறுகிற வீட்டில் பிள்ளை ஒன்று கூடும். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொன்றைப்பாக்கத்தில் அப்பா மாறுவார். மற்றபடி இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தாழம்பேட்டில் தண்ணீர் கொஞ்சம் உப்பு, கொன்றைப்பாக்கத்தில் கொசு அதிகம். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பள்ளிக்கூடம், லெவல் கிராஸிங் பக்கத்தில்.

இதையெல்லாம் வீட்டுத் தரகர் தயாளன் டீக்கடை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர். கேட்டுக்கொண்டிருந்தவன் ஆவுடையப்பன். பட்டணத்து அலுவலகத்துக்கு மாற்றலாகி, கோவில்பட்டியிலிருந்து மனைவி செண்பகவல்லியையும் நான்கு வயது மகள் யாழிசையையும் கூட்டிக்கொண்டு வந்து, மனைவியின் சித்தி மகள் வீட்டில் பெட்டி படுக்கையோடு கிடந்தான். ஜூன் பிறப்பதற்குள் வீடு பார்த்தாக வேண்டும். வேறு ஊர்களே இல்லையா என்று கேட்டதற்குத் தயாளன் அவற்றைப் பற்றியும் சொன்னார். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம். இந்த இரண்டும்தான் தேவலை.

"தாழம்பேட்டுல வூடு பெருசு சார், நல்ல காத்தோட்டம். குடி வந்த பத்தாம் நாளு பாப்பா மாதிரியே இன்னொண்ணு வந்துரும். அதே பேரு, அதே கொரலு. ஆறு மாசம் ரெண்டும் ஒண்ணா வளரும். அப்பால ஒண்ணு கெளம்பிப் போயிரும்."

"எது போகும்?" என்று பக்கத்தில் பிள்ளையோடு நின்ற செண்பகவல்லி கேட்டாள்.

"அத்த யாரும் சொல்ல முடியாதும்மா. ஏதோ ஒண்ணு."

"அப்ப அந்தப் பக்கம்?"

"கொன்றப்பாக்கத்துல புள்ளைங்களுக்கு ஒரு தொந்தரவும் கெடையாது. சார்தான் மாறுவாரு. அதுவும் ஒரே தடவதான். மொத மாசத்துக்குள்ள ஒருநா சாயங்காலம் ஆபீஸ் வுட்டு வேற சார் வருவாரு. எல்லாம் நல்ல மாதிரி. இதுவரிக்கும் ஒருத்தரும் கொற சொன்னதில்ல."

"அப்ப நான்?" என்றான் ஆவுடையப்பன்.

"நீங்களும் எங்கியாச்சும் ஒரு வூட்டுக்குப் போயிருப்பீங்க சார். ரோட்லயா நிப்பீங்க?"

ஆவுடையப்பன் வீரதீரன் என்று பெயரெடுத்தவன் அல்ல. பல்லியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுகிற ரகம். ஆனாலும் வீடு பார்க்க வந்தவன் பார்க்காமல் போகக்கூடாது என்று இரண்டு வீட்டையும் போய்ப் பார்த்தான்.

தாழம்பேட்டு வீட்டுக்கு அடுத்த வீட்டில் சகாயராணி என்று ஒரு பெண், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரே மாதிரி இரண்டு சிறுமிகள் கிளிப்புகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் மேல்வரிசையில் ஒரே பல் விழுந்திருந்தது.

"இதுல எதுங்க உங்க பிள்ள?" என்று செண்பகவல்லி மெதுவாகக் கேட்டாள்.

"மொதல்ல எனக்கும் தெரிஞ்சுதுங்க. எங்க பொண்ணு கழுத்துல கறுப்புக் கயிறு கட்டி வச்சேன். காலைல பாத்தா ரெண்டு கழுத்துலயும் கயிறு. அப்புறம் நான் பாக்கறத விட்டுட்டேன். அடுத்த மாசம் ஆறு மாசம் முடியுது." அவள் ஒரு பாவாடையை உதறிப் போட்டாள். அது ஏற்கெனவே கொடியில் காய்ந்துகொண்டிருந்த பாவாடை.

செண்பகவல்லி யாழிசையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கொன்றைப்பாக்கம் போய்ச் சேரும்வரை இறக்கிவிடவே இல்லை.

கொன்றைப்பாக்கத்து வீட்டின் எதிர்ச்சாரியில் ஒருவர் தயிர் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். மாறி வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். இங்கே ஒரு பெண் குழந்தை, நல்ல பாசமாக இருக்கிறது, மனைவியும் தங்கமானவள், முன்னைவிட ரத்த அழுத்தம்கூடக் குறைந்திருக்கிறது என்று சொன்னார்.

"முன்னால இருந்த வீட்டுல?" என்று ஆவுடையப்பன் கேட்டான்.

"ரெண்டு பசங்க. கடைசித் தெருதான். ஞாயித்துக்கெழம கிரவுண்டுல பாப்பேன். அவங்க அப்பாவோட கிரிக்கெட் ஆடுவானுங்க. சின்னவன் பந்து இந்தப் பக்கம் வந்தா, அங்கிள் பந்துன்னு கேப்பான். எடுத்துப் போடுவேன்." தயிர் பாக்கெட் அவர் கையில் நசுங்கி ஓரத்தில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சித்தி மகள் வீட்டு மொட்டை மாடியில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசினார்கள்.

"பிள்ளய வச்சுச் சூதாட முடியாதுங்க. கொன்றப்பாக்கமே போயிருவோம்" என்றாள் அவள்.

"அப்ப என்னைய வச்சு ஆடலாமாக்கும்?"

"நீங்க பெரிய ஆளு. எங்க போனாலும் பொழச்சுக்கிடுவிய. அவ பச்சப் பிள்ள."

"பொழச்சுக்கிடுவேன்ட்டி. யாரோ ஒருத்தன இவ அப்பான்னு கூப்பிடுவாளே, அதப் பாத்துட்டுமா பொழைக்க?"

"எனக்கு மட்டும் ஆசையாவா இருக்கு? எவனோ ஒருத்தன் வந்து என் கையால சோறு திங்கப்போறான். ஆனா அவ போயிட்டா நான் இருக்க மாட்டேன். நீங்க போனா, நான் அழுதுக்கிட்டாவது இருப்பேன்."

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. யாழிசை தூங்கும்போது ஒரு காலைத் தூக்கி அவன் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அந்தக் கால் இனிமேல் எவன் வயிற்றில் கிடக்குமோ என்று நினைத்தான். சரி என்று தலையாட்டினான்.

வியாழக்கிழமை காலை கொன்றைப்பாக்கத்தில் பால் காய்ச்சுவதாக முடிவாயிற்று. குடும்பம் எந்த ஊர்க் கணக்கு என்பது பால் பொங்குவதை வைத்துத்தான். சாமான்களை எங்கே இறக்கினாலும் செல்லாது. எங்கே முதலில் பால் பொங்குகிறதோ அங்கேதான் குடும்பம் என்று தயாளன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அந்த 'முதலில்' ஆவுடையப்பன் மண்டைக்குள் புகுந்துகொண்டது. புதன்கிழமையே தாழம்பேட்டில் போய், மனைவி மகள் யாருக்கும் சொல்லாமல், தான் மட்டும் பால் காய்ச்சிக் குடித்துவிட்டால்? கணக்கு தாழம்பேட்டில் விழுந்துவிடும். ஆகவே கொன்றைப்பாக்கத்துக்கு அவனை மாற்ற உரிமை கிடையாது. தாழம்பேட்டிலோ பிள்ளை பால் குடிக்கவில்லை. ஆகவே கூடுவதற்குப் பிள்ளை இல்லை. வியாழக்கிழமை ஒன்றும் தெரியாதவன்போல் கொன்றைப்பாக்கத்தில் இன்னொரு முறை காய்ச்சிக் குடியேறிவிடலாம். இரண்டு ஊரையும் ஒரே பாக்கெட் பாலில் ஏமாற்றிவிடலாம். பயந்தவனுக்கு மூளை இப்படித்தான் ஓடும்.

புதன்கிழமை விடுப்புப் போட்டான். ஜன்னல் அளக்க வேண்டும் என்று சொல்லித் தயாளனிடம் சாவி வாங்கினான். புதுப் பாத்திரம், அரை லிட்டர் பால், கையடக்க அடுப்பு ஒன்று. காலியான வீட்டில் கிழக்குப் பார்த்து வைத்துக் காய்ச்சினான். பால் அழகாகப் பொங்கிக் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. ஒரு டம்ளரில் ஊற்றி நின்றபடியே குடித்தான். நாக்கு சுட்டது.

சகாயராணி சுவர்மேல் எட்டிப் பார்த்தாள். "பால் காய்ச்சிட்டீங்களா? மொத டம்ளர் யாரு குடிச்சா?"

"நான்தாங்க."

"அப்படியா" என்று அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "இரு கண்ணு, வரேன்" என்று உள்ளே போய், சுவருக்கு மேலாக இரண்டு பிஸ்கட் நீட்டினாள். ஆவுடையப்பன் வாங்கித் தின்றான். வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்பது அவனுக்கே விளங்கவில்லை.

மறுநாள் கொன்றைப்பாக்கத்தில் ஊர் மெச்சப் பால் காய்ச்சினார்கள். செண்பகவல்லி முதல் டம்ளரை ஆற்றி யாழிசை கையில் கொடுத்தாள். அவர்கள் வீட்டு வழக்கம் அது; எல்லார் வீட்டு வழக்கமும் அதுதான். முதல் டம்ளர் வீட்டுப் பிள்ளைக்கு. ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஏதோ ஒன்று நெஞ்சில் இடறியது. என்ன என்று பிடிபடுவதற்குள் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது.

ஒன்பது நாள் நன்றாகவே போயிற்று. செண்பகவல்லிதான் ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் நின்று, வருகிறவன் நடையைப் பார்த்து, அவன்தான் என்று தெரிந்த பிறகு மூச்சு விடுவாள். அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான்.

தாழம்பேட்டில் பால் பொங்கிய பத்தாம் நாள் மத்தியானம் அலுவலகத்துக்குத் தயாளன் போன் செய்தார்.

"சார், தாழம்பேட்டு வூட்ல இன்னா பண்றீங்க? ஜன்னலாண்ட நின்னுனு இருக்கீங்க, கூப்ட்டா திரும்ப மாட்டேன்றீங்க."

"நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"அப்டியா? அப்ப அது இன்னொருத்தர்." கொஞ்சம் யோசித்தார். "மொத டம்ளர் நீங்களா குடிச்சீங்க? அது புள்ளைக்குண்டானது சார். அந்த வூட்டுக்கு இப்ப நீங்கதான் புள்ள. அதான் உங்கள மாதிரியே ஒண்ணு வந்துருக்கு."

ஆவுடையப்பன் போனை வைத்தான். போட்டது போட்டபடி கிளம்பினான். ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் சாவகாசமாக நின்றது. கொன்றைப்பாக்கத்தில் இறங்கி ஓடினான்.

வீட்டு வாசலில் செண்பகவல்லி இல்லை. கிரில் கம்பி வழியாக உள்ளே பார்த்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆவுடையப்பன் நோட்டுப் புத்தகங்களுக்குக் காக்கி அட்டை போட்டுக்கொண்டிருந்தான். அவன் முதுகில் சாய்ந்துகொண்டு யாழிசை லேபிள்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து நீட்டினாள்.

வெளியே நின்ற ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஏட்டி, நான்தான்ட்டி" என்றான்.

செண்பகவல்லி அடுப்படியிலிருந்து வந்தாள். இவனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க ஆச்சி ஊரு எது?" என்று கேட்டாள்.

"கடம்பூர்" என்றார்கள் இருவரும்.

"கல்யாணத்தன்னைக்கு என்கிட்ட மொதல்ல என்ன பேசினிய?"

"மோர் வேணுமான்னு கேட்டேன்" என்றார்கள் இருவரும்.

உள்ளே இருந்தவன் மரியாதையாக எழுந்து நின்றான். "நான் காலைல இங்கருந்துதான் போனேன்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். வெளியே நின்றவன், நானும்தான் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லுமுன் காலையை நினைவுபடுத்திப் பார்த்தான். ரயில் நினைவிருந்தது, கூட்டம் நினைவிருந்தது. கூடவே, பாய் இல்லாத வெறும் சிமெண்டுத் தரையில் கண் விழித்ததும், ஜன்னலருகே நின்றதும், யாரோ முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டதும் மங்கலாக நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டான். வாழ்நாளில் அவன் பயந்த பயங்களெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது.

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க ஒரே தடவதான் மாறும்னு சொல்லியிருக்காக. அது நடந்து முடிஞ்சு போச்சுன்னு வச்சுக்கிடுவோம். எது எதுன்னு எனக்குத் தெரியாண்டாம். முந்தி வந்தவுக இருக்கட்டும்."

"யாழிசை" என்று அவன் கம்பிக்கு வெளியிலிருந்து கூப்பிட்டான்.

யாழிசை நிமிர்ந்து பார்த்தாள். நல்ல பிள்ளை, யார் வந்தாலும் சிரிக்கச் சொல்லி வளர்த்திருந்தார்கள். சிரித்து, விரலில் ஒட்டிய லேபிளோடு டாட்டா காட்டினாள். பிறகு உள்ளே இருந்தவனிடம், "அப்பா, அடுத்த நோட்டு" என்றாள்.

அவன் தெருவில் கொஞ்சதூரம் நடந்து, நின்று அழுதான். அழுது முடித்தபோது போவதற்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது. லெவல் கிராஸிங்கில் கேட் போட்டிருந்தது. சரக்கு ரயில் போகும்வரை காத்திருந்தான். பக்கத்தில் பள்ளிக்கூடத்துச் சுவரில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. சேர்க்கை நடைபெறுகிறது என்று எழுதியிருந்தது. அதை இரண்டு முறை படித்தான். திங்கட்கிழமையிலிருந்து யாழிசை அங்கேதான், எல்.கே.ஜி.யில்.

தாழம்பேட்டு வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே வழுக்கை விழுந்த, பருத்த ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று மாறி வந்தவராம். கொன்றைப்பாக்கத்தில் அப்பாவாகப் போக அன்று இடம் கிடைக்கவில்லை, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள் என்றார். பேர் குணசீலன். கண் சிவந்திருந்தது. அவரும் வரும் வழியில் எங்கோ நின்று அழுதிருக்க வேண்டும்.

"ஏம்ப்பா இவ்ளோ நேரம்?" என்றார்.

"கேட் போட்டிருந்தாங்க."

"சரி, கை கால் கழுவிட்டு வா. உப்புமாதான்."

சாப்பிட்டார்கள். அவர் உப்புமாவிலிருந்து மிளகாயைப் பொறுக்கி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். ஆவுடையப்பன் தயங்கித் தயங்கி, தன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட முடியுமா, லெவல் கிராஸிங் பக்கத்தில் இருக்கிறதே அதில், யு.கே.ஜி.யானாலும் சரி, எல்.கே.ஜி.யானால் இன்னும் நல்லது என்று கேட்டான்.

குணசீலன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சுவரோரமாக நேராக நிற்கச் சொன்னார். "வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடு, பார்ப்போம்."

ஆவுடையப்பன் கையைத் தூக்கித் தலைக்கு மேலாக வளைத்தான். விரல்கள் காதுக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டன. தலையைச் சாய்க்காமல், மூச்சைப் பிடித்து, நுனிக்காலில் எழும்பி எட்டினான்.

"எட்டலையே கண்ணா" என்றார் குணசீலன். "அடுத்த வருஷம் சேத்துக்கலாம்."

அவன் இன்னொரு கையை முயன்று பார்த்தான்.