அப்பாவின் கல்லுக்கு ஓர் எழுத்து

செவ்வாய் மாலை எழுத்து வரலாற்று வகுப்பிலிருந்து தொடங்கி, நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். சரியாக வருமா தெரியவில்லை.

அப்பா இறந்து முப்பத்தாறு நாள் ஆகிறது. நாற்பத்தொன்பதாம் நாள் தகனத்தில் மிஞ்சிய அவருடைய எலும்புகளைக் கல்லறையில் வைக்க வேண்டும். இப்போது ஜப்பானில், எங்கள் ஊரான தகாமட்சுவில், பலர் கல்லில் குடும்பப் பெயருக்குப் பதிலாக ஒரே ஓர் எழுத்தைச் செதுக்குகிறார்கள். அம்மா 道 என்ற எழுத்தைக் கேட்டாள். பாதை என்று பொருள். முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவருக்கு வேறென்ன வேண்டும்? நான் அதைத் தூரிகையால் நாற்பத்திரண்டு தாளில் எழுதி, செதுக்குவதற்கு ஒன்றைக் கல்தச்சர் கதாயாமாவிடம் கொடுத்தேன். அதுதான் நல்ல தாளா என்று இன்னும் சந்தேகம்.

வகுப்பில் ஹிகாகி சார் அதே எழுத்தைப் பலகையில் எழுதினார்.

"எங்க ஊர்ல இது 'தோ'. மாகாணத்துக்கும் அதான் பேரு," என்றார் கொரியாவிலிருந்து வந்த கியோங்ரான் அக்கா.

"எங்களுக்கு 'தாவ்'. வழி, நெறி, அப்புறம் பேசுறதுன்னும் அர்த்தம் இருக்கு," என்றான் சீனாக்காரன் லுவோ.

"அதான் நீ வாயே மூடறதில்லையா?" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்காமல் பழைய வடிவத்தை வரைந்தார். தெருச்சந்தி. நடுவில் முடியோடு ஒரு தலை. கீழே ஒரு கை. இன்றைய எழுத்திலும் மேலே இருப்பது தலை, கீழே வளைந்து போவது பாதை.

"வெட்டின தலை இது. புது இடத்துக்குப் போறப்ப கெட்ட ஆவி அண்டாம இருக்க, எதிரியோட தலையைத் தூக்கிட்டு நடந்தாங்களாம். அப்படி நடந்து சுத்தமான இடம்தான் பாதை. ஒரு அறிஞர் சொன்னது. எல்லாரும் ஒத்துக்கல."

என் பேனா தரையில் விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

வீட்டில் அம்மா பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சார் சொன்ன வெட்டின தலைக் கதையைச் சொன்னேன். கத்தி நின்றது.

"அப்பா விஷயம் உனக்கு யாரு சொன்னா?"

"என்ன விஷயம்மா?"

"நீ பொறக்கறதுக்கு முந்தின வருஷம். நல்ல மழை. வளைவுல சைக்கிள்ல ஒரு பெரியவர். சக்கரம் அவர் தலைமேலயே..." அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "போலீஸ் தப்பில்லேன்னுடுச்சு. உங்கப்பாதான் ஒத்துக்கல. மாசாமாசம் அந்த எடத்துக்குப் பூ எடுத்துட்டுப் போவாரு."

"மீன் பிடிக்கப் போனாருன்னு..."

"என்னைக்காவது மீனோட வந்து பாத்திருக்கியா?"

இருபத்துநான்கு வருடம். ஒரு மீன்கூட இல்லை.

"அந்த எழுத்து வேணாம், ஹொனாமி. அதை அவர்மேல நிக்க வைக்காதே."

காலையில் இருவரும் பட்டறைக்கு ஓடினோம். கதாயாமா தூசியைத் தட்டியபடி வந்தார்.

"பயப்படாதீங்கம்மா, நாள் தவறாது. எழுதற வரிசையிலதான் நான் செதுக்குவேன். மேல இருக்கிற தலை நேத்தே முடிஞ்சுது. பாதையைத்தான் இன்னும் தொடல."

கருங்கல்லில், என் கையெழுத்தில், தலை மட்டும் இருந்தது.

அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"நிறுத்தணுமா?" அவர் எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "வேற கல்லு அந்த நாளுக்குள்ள கிடைக்காதும்மா."

அம்மா அந்த வெட்டில் விரலை வைத்தாள். அதன் ஓரமாகவே விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"தலையை இப்படித் தனியா விட்டுட்டா அந்தப் பெரியவர் எங்க போவாரு? போடுங்க. கீழ பாதையைப் போடுங்க."

அவர் உளியை எடுத்தார். முதல் அடி விழுந்ததும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா பொத்தவில்லை.