நாற்பது டோன்களைத் தின்ற அப்டேட்

கச்சேரிக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. கிட்டார்காரன், கிட்டாரின் ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெட்டியை மிதித்து ஆன் செய்தான். மூன்று வருடமாகக் குமிழ்களைத் திருகித் திருகி அதில் சேர்த்த நாற்பது டோன்களில் ஒன்றுகூட இல்லை. கம்பெனி போட்டுக் கொடுத்தவை மட்டும் பெட்டியின் திரையில் பல்லை இளித்தன.

"யார் இதைத் தொட்டது?"

"நான்தான் மச்சான்," என்றான் டிரம்மர். கிட்டார்காரனின் தங்கை புருஷன். "சும்மாதானே இருக்கோம்னு பெட்டியோட சாஃப்ட்வேருக்கு அப்டேட் போட்டேன்."

"பேக்கப் எடுத்தீங்களா மாப்ள?"

"எடுக்கவான்னு கேட்டுச்சு. நேரமாகும்னு வேணாம்னுட்டேன். விடுங்க, எல்லா டோனும் ஒரே மாதிரிதானே கேக்குது."

கிட்டார்காரன் டிரம் செட்டிடம் போனான். டிரம் சாவியை எடுத்து, ஸ்னேர் டிரம்மின் தோலை இறுக்கியிருந்த பத்துத் திருகுகளையும் தளர்த்தினான். டிரம்மர் பதறிப்போய்த் தட்டினான். நனைந்த அட்டைப்பெட்டி போலச் சத்தம் வந்தது.

"என்ன மச்சான் இது?"

"உங்களுக்கும் அப்டேட் போட்டிருக்கேன். உக்காருங்க, ரெண்டு பேரும் முதல்லேருந்து ஆரம்பிப்போம்."