அல்லி நனைந்த அளவு

“வெயிலு இந்தக் காய்ச்சு காயுது, ஒனக்கு மட்டும் பாவாடை முழங்கால் வரைக்கும் எப்புடிடி நனைஞ்சுது?” என்று பூக்காரி லோகாம்பாள் நெடுங்காட்டுக் கடைத்தெருவில் பள்ளிச் சிறுமி அல்லியைக் கேட்டது 1951 சித்திரையில். ஐப்பசி வெள்ளம் அதே இடத்தில் அதே முழங்கால் மட்டத்துக்கு ஏறி நின்றபோது ஊருக்கு விவரம் புரிந்தது. அவள் எங்கே நின்றாலும், அடுத்த வெள்ளம் அங்கே எவ்வளவு ஏறுமோ அவ்வளவுக்கு நனைவாள். பள்ளிக்கூடத்தில் இடுப்புவரை நனைந்து பலகையெல்லாம் ஊறிப்போனதால் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பின் வைக்கோல் போர் போடுகிறவர்கள் முதலில் அவளை நிற்கவைத்துப் பார்த்தார்கள். வீடு கட்டுகிறவர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்தார்கள்.

1955 கோடையில் வெள்ள வரைபடம் போட சர்வேயர் வைத்தியலிங்கம் வந்தார். இரண்டு நாள் அளவுச் சங்கிலி இழுத்தவர், மூன்றாம் நாள் அதை மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டு அல்லியின் பின்னால் நடந்தார். ஈரம் ஏறிய உயரத்துக்கு லோகாம்பாள் ஒரு கழியில் கோடு கிழித்து முழம் போட்டுச் சொல்ல, அவர் பென்சிலில் குறித்துக்கொண்டார். மூன்று முழம் ஏறும் தெருவுக்கு மிராசுதார் தெட்சிணாமூர்த்தியின் களத்துமேட்டில் மனை என்பது சர்க்கார் உத்தரவு. அல்லியின் தெருவுக்குச் சரியாக மூன்று முழம் வந்தது. தெருவே குலவையிட்டது.

மிராசுதார் குடையோடு வந்து சேர்ந்தார். “பூக்காரி முழம் எந்த ஊருல முழமாச்சு?”

“ஒங்க வீட்டம்மா இருவது வருசமா இந்த முழத்துலதான் பூ வாங்குறாங்க, ஐயா. அப்பல்லாம் கொறையலியே!”

அவர் கழியைப் பிடுங்கித் தன் கையால் அளந்தார். இரண்டரைதான். வைத்தியலிங்கம் தயங்கித் தயங்கி ரப்பரை எடுத்தார்.

மனம் குளிர்ந்துபோன மிராசுதார், அழிப்பதற்கு முன்பே மோர் குடிக்க சர்வேயரை வாய்க்கால் கரையிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். எந்த வீடும் விட்டுப்போகக் கூடாது என்று சர்வேயர் அல்லியையும் கூடத்தில் நிற்கச் சொன்னார். அவள் கழுத்துவரை நனைந்தாள். பாவாடை மடிப்பிலிருந்து ஒரு கெண்டை தரையில் விழுந்து துள்ளியது.

“இதுக்கு முழமே வேணாம்” என்றாள் பின்னாலேயே வந்திருந்த லோகாம்பாள். “ஒங்க நெல்லு மூட்டைய மேட்டுக்குத் தூக்க அங்கன ஆளு இருக்கணுமேங்க, ஐயா?”

மிராசுதார் கெண்டையைப் பார்த்தார். அல்லியைப் பார்த்தார். சர்வேயர் கையிலிருந்த ரப்பரை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, குடையை மறந்து, களத்துமேட்டைப் பார்க்க நடந்தார்.